முதல் புகார்

அந்தப் பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ‘இசை நல்வாழ்வுப் பிரிவு: தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு நோயாளிகூடப் புகார் சொன்னதில்லை’ என்று பொன்னிற எழுத்தில் எழுதி, சுற்றிலும் குட்டி விளக்குகள் பதித்திருந்தார்கள். பார்வையிட வருகிற பெரிய மனிதர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பலகையில் பொய் ஒன்றும் இல்லை. பிரிவின் பாட்டு ஒலிக்கிற ஒரே இடம் அதே மாடியில் இருந்த பேச்சு மீட்பு வார்டு. அங்கே படுத்திருந்தவர்கள் எல்லோரும் பக்கவாதத்திலோ விபத்திலோ பேச்சை இழந்தவர்கள்.

கண்டக்டர் அந்தப் பலகையை முதல் நாள் மரியாதையோடுதான் படித்தார். அவர் நகரப் பேருந்தில் வேலை பார்ப்பவர். வாழ்நாள் முழுக்க ஆட்களை உள்ளே நகரச் சொல்லியும், படியில் நிற்காதே என்று சொல்லியும், டிக்கெட் எடுக்காதவர்களை இறங்கச் சொல்லியும் பழகியவர். ஒரு விதியை எழுதி மாட்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்புகிற ரகம். ஒருமுறை சொந்த மைத்துனனையே டிக்கெட் இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டார். மைத்துனன் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அந்தக் கோபம் மனைவிக்கு இன்னும் ஆறவில்லை.

மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மெஷின் ஓடினால் பாட்டு, மெஷின் நின்றால் பேச்சு. இரண்டும் இல்லாத நேரம் என்று அந்த வீட்டில் ஒன்று இருந்ததே இல்லை. ஒருநாள் காலையில் அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுத்துக்கொடுத்த கண்டக்டரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மருத்துவமனையில் கிடந்து கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. அவள் வாயைத் திறப்பதும், முயன்று தோற்று மூடிக்கொள்வதும், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதும் அவருக்குப் பார்க்க முடியவில்லை. மகளிடம்கூடச் சொல்லாமல் அவர் உள்ளுக்குள் பயந்துபோயிருந்தார்.

வார்டின் பேச்சு டாக்டர் சின்ன வயதுக்காரி. எதையும் சுற்றிவளைக்காமல் சொல்பவர். பேச்சைச் சேர்த்துவைக்கிற இடம் மூளையில் அடிபட்டாலும், ராகத்தோடு சேர்ந்த சொல் சில சமயம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றார். பேச முடியாதவர்கள் பாடிவிடுவது உண்டு. பாட்டு வழியாகவே பேச்சைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். ஆனால் அதற்கு அவர்களுக்கு நெருங்கின பாட்டாக இருக்க வேண்டும். அவர்கள் குரலாகவே இருந்தால் ரொம்ப நல்லது. “தள்ளிப்போடாதீங்க. ஆரம்பத்துல எவ்வளவு வருதோ அவ்வளவுதான். அப்புறம் கஷ்டம்” என்றார்.

கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பியது போல் இருந்தது. மனைவியின் குரல் இருந்தது. அவள் தைத்துக்கொண்டே பாடுவதை மகள் ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று போனில் பதிந்து வைத்திருந்தாள். அந்த போன் பிறகு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனாலும், பதிவு மகளின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அது ஒரு பழைய சினிமாப் பாட்டு. முதல் சரணத்தில் கதாநாயகி ஆற்றங்கரையில் உட்கார்ந்து காதலனை நினைத்து அழுவாள். இரண்டாம் சரணத்தில் அழுது முடித்துவிட்டு அவனைக் கிழிகிழியென்று கிழிப்பாள். கண்டக்டர் மனைவி முதல் சரணத்தைப் பாடவே மாட்டாள். அழுமூஞ்சிப் பாட்டு யாருக்கு வேண்டும் என்று நேராக நடுவிலிருந்து, திட்டுகிற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். கண்டக்டர் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த இடம் வந்தால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

உன் பாட்டைக் கொண்டுவருகிறேன் என்று கண்டக்டர் மனைவியிடம் சொன்னார். மகள் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். வார்டு வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டார். வார்டுக்குள் போனோ, ரேடியோவோ, ஒலி எழுப்புகிற வேறு எதுவுமோ போகக்கூடாது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. இசைப் பிரிவின் நூலகத்தில் இருக்கிற பாட்டு மட்டும் அதில் வரும். அப்படியானால் நானே மெல்லப் பாடிக்காட்டட்டுமா என்று கண்டக்டர் கேட்டதற்குக் காவலாளி சுவரைக் காட்டினார். ‘நூலகத்தில் ஏற்றப்படாத இசைக்கு வார்டில் அனுமதி இல்லை. பாடுதல், முணுமுணுத்தல், விசிலடித்தல் இதில் அடங்கும்’ என்று எழுதியிருந்தது. கண்டக்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார். ஏதோ காரணம் இருக்கும்.

இசைப் பிரிவின் அறை சத்தம் உள்ளே வராதபடி கட்டப்பட்டிருந்தது. சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம், நடுவில் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் நூலகத்தின் மென்பொருள் ஓடியது. அதன் பக்கத்தில் போகும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பென் டிரைவை வாங்கிக்கொண்டவருக்கு இறக்குமதி அதிகாரி என்று பெயர். துறைமுகத்தில் இருக்கவேண்டியவர் இங்கே என்ன செய்கிறார் என்று கண்டக்டர் யோசித்தார். வெளியே இருக்கிற பாட்டை நூலகத்துக்குள் கொண்டுவருவதற்குத்தான் அந்தப் பெயர் என்று அதிகாரி விளக்கினார். வாடிய முகம், கழுத்தில் தொங்குகிற ஹெட்போன். ஆள் கெட்டவர் இல்லை.

அவர் பென் டிரைவைச் சட்டையில் துடைத்தார். செருகினார். எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அது விழித்துக்கொள்ளும்வரை இருவரும் எழுந்து நின்றார்கள். கடைசியில் திரையில் பச்சை எழுத்தில் ஒரு செய்தி வந்தது. ‘ஒன்றில் பூஜ்யம் கோப்பு இறக்கப்பட்டது. பணி வெற்றிகரமாக முடிந்தது.’

வெற்றி என்று வந்திருக்கிறதே, பாட்டு ஏறிவிட்டதா என்று கண்டக்டர் கேட்டார். பாட்டு ஏறவில்லை, ஏற்றுகிற வேலைதான் வெற்றிகரமாக முடிந்தது என்றார் அதிகாரி. ஏன் ஏறவில்லை என்பதை மென்பொருள் சொல்லாதாம். அதைக் கேட்டால் அது கோபித்துக்கொண்டு நின்றுவிடுமாம். கோளாறைப் பார்க்கச் சொல்லி மென்பொருள்காரர்களுக்கு ஒரு டிக்கெட் போட்டிருப்பதாகவும், வரிசைப்படி பார்ப்பார்கள் என்றும் சொன்னார். டிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் கண்டக்டருக்கு ஒரு நிம்மதி வந்தது. டிக்கெட் எடுத்துவிட்டால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவருடைய அனுபவம்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். காரணம் கண்டுபிடித்துவிட்டார்களாம்: கோப்பில் கலைஞர் பெயர் இல்லை. கண்டக்டர் மனைவி பெயரைச் சொன்னார். பதிவு பெற்ற கலைஞர்கள் பட்டியலில் அதிகாரி தேடிப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களை ‘பெயர் அறியப்படாதவர்’ என்றுதான் போட முடியும் என்றார்.

“பேர் எனக்குத் தெரியுமே சார். என் பொண்டாட்டிதான்.”

“உங்களுக்குத் தெரியும் சார். சாஃப்ட்வேருக்குத் தெரியணும்ல.”

‘பெயர் அறியப்படாதவர்’ என்று போட்டார்கள். மென்பொருள் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு பாட்டு தனியாக இருக்க முடியாது, அது ஒரு ஆல்பத்துக்குள் இருக்க வேண்டும். ஆல்பத்துக்கு ஒரு தலைப்பு வேண்டும், அட்டைப்படம் வேண்டும், எத்தனையாவது பாட்டு என்று வேண்டும். மகள் அம்மா கழுத்தில் அளவு டேப்போடு இருக்கிற படத்தை எடுத்து அட்டை செய்து கொடுத்தாள். படம் சதுரமாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சதுரமாக வெட்டினால் அம்மாவின் நெற்றி போய்விடுகிறது என்றாள் மகள். நெற்றி கட்டாயமில்லை என்று பதில் வந்தது.

அப்புறம் தையல் மெஷின் சத்தம் பிரச்சினையானது. பாட்டின் பின்னால் கடகடவென்று ஒன்று கேட்கிறதே, அது என்ன வாத்தியம் என்று கேட்டார்கள். தையல் மெஷின் என்றார். வாத்தியங்களின் பட்டியலில் தையல் மெஷின் இல்லை. அதிகாரி மனமிரங்கி ‘தாள வாத்தியம், பிற’ என்று போட்டார். உடனே மென்பொருள் தாளம் வாசித்தவர் யார் என்று கேட்டது. அதுவும் என் மனைவிதான், காலால் வாசித்தாள் என்றார் கண்டக்டர். ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தால் இரட்டைப் பதிவு என்று மென்பொருள் தள்ளிவிடும் என்பதால், தாளத்துக்கு இன்னொரு ‘பெயர் அறியப்படாதவர்’ சேர்க்கப்பட்டார். இப்படியாகக் கண்டக்டரின் மனைவி, அவருக்கே தெரியாத இரண்டு பேராக ஆனாள்.

அதற்கடுத்த வாரம் கோப்பு முழுமையாக இல்லை என்று வந்தது. பாட்டின் முன்பகுதி எங்கே என்று அதிகாரி கேட்டார். அவள் முன்பகுதி பாடமாட்டாள் என்று கண்டக்டர் விளக்கினார். முன்பகுதி இல்லாமல் பின்பகுதி எப்படி வரும் என்பது மென்பொருளின் கேள்வி. அழுவதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, நேராகத் திட்டிலிருந்து ஆரம்பிப்பாள் என்று கண்டக்டர் சொன்னபோது, அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். சோதித்துப் பார்க்க, திரும்பத் திரும்பக் கேட்டதில் தனக்கே அந்தப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது என்றும், குளிக்கும்போது தானும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பதாகவும் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கூண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இதற்கிடையில் வார்டில் மனைவியின் ஸ்பீக்கரில் நூலகத்தின் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் ஓடை சலசலப்பதும், தூரத்தில் யாரோ புல்லாங்குழலை முடிவில்லாமல் இழுப்பதும்தான். மனைவி சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பேச்சு டாக்டர் ஒவ்வொரு முறையும் பாட்டு வந்துவிட்டதா என்று கேட்டார். டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று கண்டக்டர் சொன்னார். டாக்டர் பெருமூச்சு விட்டார். வார்டுக்குள் அவருக்குத்தான் அதிகாரம், ஆனால் ஸ்பீக்கருக்குள் இல்லை.

பிரிவுத் தலைவர் மாதம் ஒருமுறை நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்துவார். குறை கேட்பதற்காக என்று அழைப்பில் இருந்தது. அவர் நல்ல உயரம், கணீரென்ற குரல். மைக் தேவையில்லை, ஆனாலும் வைத்துக்கொள்வார். கண்டக்டர் தன் குறையைச் சொல்ல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் பேச ஆரம்பித்தார்.

“நான் பெருமையாச் சொல்றேன். எங்க நூலகத்துல இன்னைக்கு லட்சக்கணக்கான பாட்டுக்கு இடம் இருக்கு. பாட்டு கொஞ்சம்தான் இருக்கு. ஆனா இடம் இருக்கு பாருங்க, அதுதான் முக்கியம். மத்த மருத்துவமனையில யார் வேணும்னாலும் எந்தப் பாட்டை வேணும்னாலும் போடறாங்க. நோயாளி அதைக் கேட்டுட்டு எழுந்து போயிடறாரு. இங்க அப்படிக் கிடையாது. ஒரு பாட்டு உள்ள வரணும்னா அதுக்குத் தகுதி வேணும். எங்க நோயாளிகளைப் பாருங்க. பாட்டு போட்டதும் கண்ணை மூடிக்கிறாங்க. ஒருத்தர் தலையணையை எடுத்துக் காதை அமுக்கிக்கிட்டாரு, கேட்ட பாட்டு வெளிய சிந்திடக் கூடாதுன்னு. இதுவரைக்கும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதுண்டா? சொல்லட்டும். நான் காத்திருக்கேன்.”

அவர் காத்திருந்தார். பேச முடிந்தவர்கள் தயங்கினார்கள். பேச முடியாதவர்கள் வார்டில் இருந்தார்கள். நேரம் முடிந்துவிட்டதாக அறிவித்து எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள். கண்டக்டர் தூக்கிய கையை அப்படியே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொண்டார்.

பாதிப் பாட்டையும் முழுப் பாட்டாகக் கருதலாம் என்று தலைவரே கையெழுத்திட்ட சிறப்பு அனுமதி ஒருவழியாக வந்தது. அதிகாரி ஆசையோடு மறுபடி இறக்குமதி செய்தார். இந்த முறை சிவப்பு எழுத்தில் வந்தது: ‘இந்தப் பாட்டு ஏற்கெனவே இருக்கிறது.’ எங்கே இருக்கிறது என்று தேடினார். ‘அப்படி ஒரு பாட்டு இல்லை’ என்று வந்தது. இல்லையென்றால் ஏற்றலாமே என்று ஏற்றினார். ‘ஏற்கெனவே இருக்கிறது.’ அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முன்பு தோற்றுப்போன முயற்சிகள் எல்லாம் உள்ளே எங்கோ தடம் விட்டிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். ஆனால் விதிப்புத்தகம் வேறு மாதிரி சொன்னது. ஒரு பாட்டு இரட்டை என்று மென்பொருள் சொன்னால் அது இரட்டைதான். இன்னொன்று விண்ணப்பதாரர் வீட்டில் இருக்கக்கூடும். அதை அழித்துவிட்டு, அழித்ததாக உறுதி தர வேண்டும்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருக்கிற பதிவுக்கும் மருத்துவமனை கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். கண்டக்டருக்கும் அது தெரியவில்லை. ஆனால் விதி என்று இருக்கிறதே.

“அப்பா, ஒண்ணே ஒண்ணு நம்மகிட்ட இருக்கட்டும்பா. அழிச்சிட்டேன்னு சும்மா சொல்லிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல. பொய் சொல்லி ஏத்தின பாட்டைப் போட்டு அவளுக்குப் பேச்சு வரணுமா?”

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். மாமாவை நடுவழியில் இறக்கிவிட்ட முகம் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னார். செய்துவிட்டு எழுந்துபோய் அம்மாவின் தையல் மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இறக்குமதி நாளன்று தலைவரே வந்தார். பிரிவின் வரலாற்றில் ஒரு நோயாளியின் சொந்தக் குரல் ஏற்றப்படுவது இதுவே முதல்முறை என்பதால் புகைப்படக்காரரும் வந்திருந்தார். தலைவர் பொத்தானை அழுத்தினார். பச்சை எழுத்து வந்தது. ‘ஒன்றில் ஒன்று கோப்பு இறக்கப்பட்டது.’ கைதட்டினார்கள். அதிகாரி கண்டக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் பென் டிரைவைத் திருப்பித் தந்தார். கண்டக்டர் ஓட்டமும் நடையுமாக வார்டுக்குப் போய் மனைவியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளும் டாக்டரும் சிஸ்டரும் சுற்றி நின்றார்கள்.

ஸ்பீக்கரில் வயலின்கள் எழுந்தன. ஒரு கூட்டமே வாசித்தது. நீளமான முன்னிசைக்குப் பிறகு, பளிங்கு மாதிரியான ஒரு பெண்குரல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. முதல் சரணம். அது யாரோ பெரிய பாடகி. தையல் மெஷின் இல்லை. மனைவி கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். அப்புறம் கண்டக்டரைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டக்டர் இசைப் பிரிவுக்கு ஓடினார். தலைவர் அவரை உட்காரவைத்து, பெருந்தன்மையோடு விளக்கினார். மென்பொருள் எவ்வளவு புத்திசாலி என்பதற்கு இதுதான் சாட்சி. பாட்டை உள்ளே இழுத்ததும் அது அடையாளம் கண்டுகொண்டு, தரம் குறைந்த பதிவை நீக்கிவிட்டு, அதே பாட்டின் உயர்தரப் பதிவை வைத்துவிடும்.

“உங்க மனைவி பாட்டுல இருந்த குறை எல்லாத்தையும் எடுத்தாச்சு சார். மெஷின் சத்தம், மூச்சு வாங்கறது, சுருதி விலகறது, ஆரம்பம் இல்லாதது, எல்லாம். குரல்தான் பெரிய குறையா இருந்தது. அதையும் எடுத்தாச்சு.”

பழைய பதிவு எங்கே என்று கண்டக்டர் கேட்டார். அதிகாரி தலையைத் தூக்கவில்லை. இங்கே கோப்பை நகல் எடுப்பது கிடையாது, இருக்கிற இடத்திலிருந்து நகர்த்திக்கொள்வதுதான் விதி. நகல் எடுத்தால் இரட்டை ஆகிவிடும். பென் டிரைவ் காலி. நூலகத்துக்குள் நகர்த்தப்பட்டது, தரம் குறைந்தது என்று நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் இருந்ததைக் கண்டக்டரே அழிக்கச் சொல்லிவிட்டார்.

அன்று கண்டக்டர் வீட்டுக்குப் போக மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். தெரிந்த கண்டக்டர்கள் கூப்பிட்டும் ஏறவில்லை. மனைவியின் குரல் இனி எங்கேயும் இல்லை என்பதையும், அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்ததையும் நினைத்தபோது அழுகை வந்தது. அடக்கவில்லை. அழுதார்.

உயர்தரப் பாட்டு வார்டில் ஓடத் தொடங்கியது. புதிதாக ஏற்றிய பாட்டை நோயாளி பழகிக்கொள்வதற்காக மென்பொருள் அதையே திரும்பத் திரும்பப் போடும். காலையில் ஆற்றங்கரை, பகலில் ஆற்றங்கரை, மாலையில் ஆற்றங்கரை. அந்தப் பாடகி ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். அணைப்பதற்குப் பொத்தான் கிடையாது. கண்டக்டர் குற்றவாளி மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஒரு பிற்பகல், பாடகி நூறாவது தடவையோ இருநூறாவது தடவையோ கண்ணீர் விடத் தொடங்கியபோது, மனைவி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“நி... நிறுத்து...ங்க.”

மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். கண்டக்டர் கையிலிருந்து போர்வை விழுந்தது. டாக்டர் ஓடிவந்தார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவள் ஸ்பீக்கரைக் காட்டி இன்னொருமுறை சொன்னாள், முன்பைவிடத் தெளிவாக. டாக்டர் கண் கலங்கிப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நோயாளி இசையைப் பற்றி எது சொன்னாலும் வார்டிலிருந்து இசைப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு அதுவரை வேலை வந்ததில்லை. சிஸ்டர் தெரிவித்தார். மென்பொருள் அதை ‘புகார்: 1’ என்று எடுத்துக்கொண்டது. லிஃப்ட் வாசலில் இருந்த பலகையின் குட்டி விளக்குகள் தாமாகவே அணைந்துவிட்டன.

மறுநாள் காலை தலைவர் வார்டுக்கு வந்தார். பிரிவு தொடங்கியதிலிருந்து அவர் வார்டுக்குள் வந்தது அதுதான் முதல்முறை. பின்னால் இறக்குமதி அதிகாரி. தலைவர் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் முகமாக இருந்தது. அடுத்த வாரம் பெரிய குழு ஒன்று பார்வையிட வருகிறது, இந்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று டாக்டரிடம் வருத்தப்பட்டார். பேச்சு வந்திருக்கிறதே சார் என்றார் டாக்டர். அது சரி, ஆனால் என்ன பேச்சு என்பதையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டார் தலைவர். பிறகு நோயாளியிடம் குனிந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், புகார் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

டாக்டரும் அவளுக்கு ஊக்கம் கொடுத்தார். எது வேண்டுமானாலும் சொல்லலாம், அவசரமில்லை என்றார்.

“இல்ல” என்றாள் மனைவி.

தலைவர் முகம் மலர்ந்தது. அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார், குறித்துக்கொள்ளச் சொல்லி.

“இது... என் பாட்டு... இல்ல.”

இது உங்கள் பாட்டேதான் அம்மா, மேம்படுத்தியிருக்கிறோம் என்றார் தலைவர். அவர் சொன்னதைக் கேட்டதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. கண்டக்டர் பக்கம் திரும்பினாள். அவர் கொண்டுவருவதாகச் சொன்ன நாளிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“என் பாட்டு... எங்க?”

கண்டக்டர் எழுந்து நின்றார். டிக்கெட் பரிசோதகர் முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

“தொலைச்சிட்டேன்மா. ரூலுன்னு சொன்னாங்க. வீட்ல இருந்ததையும் நான்தான் அழிக்கச் சொன்னேன். பாப்பா வேண்டாம்னுதான் சொன்னா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களுக்கு... என்னைக்குத்தான்... புத்தி வரும்?”

இத்தனை நாள் அந்த வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி அது. கண்டக்டருக்கு அதைக் கேட்டதும் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதைச் செய்வதென்று தெரியாமல் இரண்டையும் செய்தார். டாக்டர் சிஸ்டரின் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். வலது கால் போர்வைக்குள் அசைந்தது. மெல்ல, பிறகு சீராக, தரையில் இல்லாத மெஷினை மிதித்தது. வாயைத் திறந்தாள். சொல் சொல்லாகத் திக்கியவள், பாட ஆரம்பித்ததும் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வயலின் கிடையாது, ஆற்றங்கரை கிடையாது. நேராக நடுவிலிருந்து, திட்டிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் காதிலிருந்த தலையணையை எடுத்தார்.

இறக்குமதி அதிகாரி கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். “இதுதான் சார் ஒரிஜினல்” என்றார் மெதுவாக.

“ஃபைல் எங்க?” என்றார் தலைவர். ஃபைல் இல்லை. ஃபைல் இல்லாத பாட்டு எப்படிப் பாட்டாகும்? அவர் குரலை உயர்த்தி, சுவரில் இருந்த அறிவிப்பைச் சுட்டிக்காட்டினார். நூலகத்தில் ஏற்றப்படாத இசைக்கு வார்டில் அனுமதி இல்லை. உடனே நிறுத்த வேண்டும். முதலில் ஒரு டிக்கெட் போடட்டும், வரிசைப்படி பார்க்கலாம்.

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, தலைவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை. வேலை நேரத்துக் குரல்தான்.

“சார், இறங்குங்க.”

தலைவருக்குப் புரியவில்லை. யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கண்டக்டர் வேலையில் தினமும் கேட்டிருக்கிறார்; அதற்குப் பதில் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. தலைவரின் முழங்கையை மரியாதையாகப் பிடித்து, கட்டில்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே நிறுத்தினார். காவலாளி எழுந்தவர், பாட்டைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதிகாரி வெளியே வரவில்லை. கண்டக்டரும் அவரைக் கூப்பிடவில்லை.

கதவைச் சாத்தி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

“ரைட்” என்றார்.